இட்லி நேரத்துக்கு வெந்தது

வேலைநிறுத்தத்துக்கு ஏற்பாடு செய்வது சங்கத்தின் வேலை என்று நினைக்கிறவர்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் குப்பை கொட்டியதில்லை. சங்கம் தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். தண்ணீருக்கும் சோற்றுக்கும் காவலுக்கும் மாற்று ஆள் தேடி அலைவது என்னைப் போன்ற கண்காணிப்பாளர்கள்தான். இரண்டு தரப்பிடமும் ஏச்சு வாங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சகாக்களே, இது உங்களுக்கு.

சுற்றறிக்கை

எங்கள் கோவை வளாகம் முழுவதற்கும் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னார் பதிவாளர். ஆனால் அதில் வேலைநிறுத்தம் என்ற சொல்லே வரக் கூடாதாம். 'தவிர்க்க இயலாத சூழல்' என்று போட்டேன். தொகுப்பூதியத்தில் பல வருடமாகக் கிடப்பவர்களை நிரந்தரமாக்குங்கள் என்பதுதான் கோரிக்கை. அதற்கும் அந்தத் தாளில் இடமில்லை. அனுப்பிய சிறிது நேரத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் போன் செய்தார். காரணம் கேட்கப் போகிறார் என்று நம்பி, விளக்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. அன்னைக்கு கேன்டீன்ல டீ உண்டுங்களா, இல்லீங்களா?"

பாய்லர்

விடுதிச் சமையலறைக்குப் பெருந்துறை ஒப்பந்ததாரர் ஒருவர் ஆட்களை அனுப்பினார். முந்தின நாள் மாலையே வந்து இறங்கினார்கள். கல்யாணச் சமையலில் பழகியவர்கள், எங்கள் நீராவி பாய்லரைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். அதை இயக்குவது சரசக்கா. தொகுப்பூதியச் சமையல்காரர், அந்தச் சமையலறையிலேயே நரை கண்டவர். ஓய்வு வயது நெருங்கிவிட்டது. அதற்குள் நிரந்தர ஆணை வராவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விடிந்தால் அவரும் வாசலில் உட்காரப் போகிறவர்.

விடுதிக் காப்பாளர் கூச்சமே இல்லாமல் அவரிடமே போய், இவர்களுக்குக் கொஞ்சம் சொல்லித் தரும்படி கேட்டார். வேறு ஊராக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். சரசக்காவோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வால்வை எப்போது திறப்பது, தட்டுகளை எப்போது இறக்குவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். போதாததற்கு மறுநாளுக்கு மாவும் ஆட்டி வைத்தார். வேண்டாங்கக்கா, உங்களுக்கே வினையாகும் என்றேன்.

"சண்டை ஆபீசோடதானுங்க. புள்ளைக பட்டினி கெடந்து நமக்கு என்னங்க ஆகப்போகுது?"

வாசல்

காலையில் வெளியே பந்தல், கொடி, கோஷம். உள்ளே வழக்கமான நேரத்துக்கு இட்லி. மாணவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பந்தலைக் கடந்து வகுப்புக்குப் போனார்கள். சாப்பாடு நின்றால் விடுதி கொதிக்கும், நிர்வாகம் இறங்கி வரும் என்பது சங்கச் செயலாளரின் கணக்கு. மதியம் வரை பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வரவில்லை. அதற்குள் யாரோ அவரிடம் பாய்லர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். நேராக வந்து சரசக்காவின் அருகில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று பயந்தேன், குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நாம இல்லாமயே இட்லி வெந்துபோச்சுங்க அக்கா. இனி நம்மள எதுக்குங்க கூப்புடுவாங்க?"

பாராட்டு

அவர் சொன்னபடியே ஆனது. சில நாளில் போராட்டம் ஓய்ந்தது, நிரந்தர ஊழியர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். மாற்று ஏற்பாடு தடங்கலில்லாமல் நடந்ததால் சமையலறையை அந்த ஒப்பந்ததாரரிடமே விட்டுவிட்டார்கள். தொகுப்பூதியச் சமையல்காரர்கள் இனி வர வேண்டாம். பதிவாளர் கூட்டத்தில் என் ஏற்பாட்டைப் பாராட்டினார். விஷயத்தைச் சரசக்காவிடம் சொல்லும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை முந்தானையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எதையாவது கேட்டுச் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கதவு வரை போனவர், புது ஆட்களிடம் ஒன்று சொல்ல விட்டுப்போனதாகத் திரும்பி வந்தார்.

"பாய்லர் வால்வு ஒண்ணு லேசா ஒழுகுதுங்க சார். கையச் சுட்டுக்கப் போறாங்க, பாத்துப் பண்ணச் சொல்லிப்போடுங்க."

இனி எத்தனை வேலைநிறுத்தம் வந்தாலும் விடுதிச் சமையலறைக்கு நான் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை, அங்கே வேலையை நிறுத்த நம் ஆள் ஒருவரும் இல்லை.