மாமா உயிரோடு இருக்கும் செய்தி

என் மகள் ஃபேஸ்புக்கை விட்டுப் போனதற்குக் காரணம் என் அப்பா. அவள் கல்லூரியில் சேர்ந்த புதிதில் தோழிகளோடு எடுத்த படம் ஒன்றைப் போட்டாள். அதன் கீழே தாத்தா எழுதினார்: "ஆஸ்டல்ல தண்ணி வருதா கண்ணு? வவுத்து வலி நின்னுச்சா?" அன்றைக்கே அவள் இன்ஸ்டாகிராமுக்குக் குடிபோய்விட்டாள்.

பெற்ற மனம், நானும் பின்னாலேயே போய் அங்கே ஒரு கணக்கு ஆரம்பித்தேன். அதன்பிறகு அவள் பக்கத்தில் கோயில் கோபுரமும் பூனைக்குட்டியும் மட்டும்தான் வந்தன. மற்றதெல்லாம் வேறொரு கணக்கில் நடக்கிறது என்று தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர்தான், ஆனாலும் இந்தக் கணக்கு பிடிபடவில்லை. திரும்பி வாட்ஸ்அப்புக்கே வந்துவிட்டேன். அவள் லீவுக்கு வந்தால்கூட, கள்ளக்குறிச்சி வீட்டில் ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மூன்று பேரும் மூன்று ஊரில் இருந்தோம்.

நான் சொல்ல வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்று பெரிய மாமாவுக்கு எழுபது வயது முடிகிறது. அவர் அம்மாவின் அண்ணன். கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டிருக்கிறார். அம்மா போன பிறகும் அப்பாவுக்கு மச்சான் மேல் பாசம் குறையவில்லை. வாழ்த்துப் படம் செய்யும் ஆப் ஒன்றைப் பிடித்து, மாமாவின் பாஸ்போர்ட் போட்டோவைப் பொருத்தி, காலையிலேயே ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்.

நான் அடுப்படியில் இருந்தபோது எங்கள் சொந்தக்காரர் குழுவில் மெசேஜ்கள் வரிசையாக விழுந்தன. யாரோ ஒரு சித்தப்பா அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றி வெள்ளைப்பூ, நடுவில் சிரிக்காத மாமா. கீழே, "எழுபது ஆண்டுகள் சிறப்பாக வாழ்ந்த எங்கள் மச்சான்."

அப்பாவிடம் ஓடினேன்.

"இன்னாப்பா இது, வாழ்ந்தன்னு போட்டுக்கீறீங்க?"

"எழுபது வருஷம் அவன் வாழல? பொய்யா எழுதிக்கிறேன்?"

"விளக்கு எதுக்கு?"

"விளக்கு மங்களம் இல்லியா?" அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அறுபது பேர் கமெண்ட் போட்டுக்கிறாங்க. எல்லாம் கும்புட்ற கைதான். மச்சானுக்கு இவ்ளோ மரியாதையான்னு நானே ஆச்சரியப்பட்டுக்கினு இருந்தேன்."

மாமா ஃபோனை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிற ஆள் இல்லை. அத்தையைக் கூப்பிட்டால் பிஸி, பிஸி, பிஸி. அதற்குள் சித்தப்பா அத்தையைப் பிடித்துவிட்டிருக்கிறார். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் நேராக விஷயத்துக்கு வந்திருக்கிறார்.

"எப்ப எடுக்கறீங்க?"

அத்தைக்கு அந்த வாரம் முழுக்கக் கரும்பு வெட்டுதான் தலைக்குள். "நாளிக்கிக் காலைல. லாரி சொல்லிக்கிது."

"லாரியிலயா?"

"பின்ன? கனம் ஜாஸ்தி, டிராக்டர் தாங்காது."

குழுவில் அடுத்த மெசேஜ் வந்தது: "நாளை காலை லாரியில் இறுதி ஊர்வலம்."

நான் "மாமா நல்லாத்தான் இருக்காரு" என்று எழுதினேன். "நம்ப முடியலதான், மனச தேத்திக்கம்மா" என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் மகளை எழுப்பி, இருவரும் டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையம் போனோம்.

மாமா அப்போதுதான் வயலிலிருந்து வந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினார். பிறகு, "யார் யார் இன்னா எழுதிக்கிறாங்க, படி" என்றார். படித்தேன். "கடன் கேட்டா இல்லன்னு சொல்லாத மனுஷன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். "இவங்கிட்ட நான் இல்லன்னுதானே சொன்னேன்!" என்றார் மாமா. இருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

மகள் அவரை வாசலில் நிறுத்தி வீடியோ எடுத்தாள். "நான் உயிரோடதான் கீறேன். யாரும் மாலை வாங்கினு வராதீங்க" என்று மாமா விறைப்பாக நின்று சொன்னார். அவள் முதலில் அதை இன்ஸ்டாகிராமில் போட்டாள். அங்கே அவர் செத்த செய்தியே யாருக்கும் தெரியாது. 'தாத்தா செம கியூட்' என்று நெருப்பும் இதயமுமாகக் கொட்டியது. அதிலிருந்து இறக்கி வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினாள், நான் அப்பாவுக்கு அனுப்பினேன், அப்பா ஃபேஸ்புக்கில் ஏற்றினார். ஐந்து நிமிஷத்தில் அதன் கீழே முதல் கமெண்ட் வந்தது: "பழைய வீடியோவைப் பார்க்கவே கண் கலங்குது. தனக்குச் சாவே வராதுன்னு நெனச்சிருக்காரு பாவம்."

மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் தெருமுனையில் சத்தம் கேட்டது. சின்ன மாமா வந்துகொண்டிருந்தார். பெரிய மாமாவின் தம்பி; குடியிருப்பது சின்னசேலம், நிலம் இங்கேதான். பொதுக் கிணற்று மோட்டாரை எந்த நாளில் யார் ஓட்டுவது என்ற தகராறில் அண்ணன் தம்பி பேசி ஆறு வருஷம். ஆள் கையில் ரோஜா மாலை, காலில் செருப்பில்லை. "என்ன உட்டுட்டுப் போய்ட்டியே" என்று அழுதுகொண்டே வாசற்படி ஏறினவர், எதிரே எச்சில் கையோடு அண்ணனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னா… உயிரோட கீறயா?"

"அதான் வீடியோ போட்டேனே, பாக்கல?"

"பஸ்ல அழுதுக்கினு வரவன் வீடியோ பாப்பானா?"

 அத்தை குறுக்கே வந்து, மாலையை என்ன செய்யலாம் என்று கேட்டாள். "என்கிட்டியா கேக்கற?" என்று சின்ன மாமா மூக்கைச் சிந்திக்கொண்டு, அதை அப்படியே அண்ணன் கழுத்தில் போட்டார். "பொறந்த நாளுதானே. இரு." மாமா மாலையோடு உட்கார்ந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். தம்பிக்கும் இலை விழுந்தது.  மகள்கூட ஃபோனைக் கீழே வைத்திருந்தாள்.

மோர் ஊற்றும்போது சின்ன மாமா ஆரம்பித்தார். "ஆனா செவ்வாக்கெழம மோட்டார் எம்முறைதான்."

"எவன் சொன்னான்?" என்றார் பெரிய மாமா.

நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இருவரும் சாட்சி சொல்ல ஆள் தேடிக் கிணற்றுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.