டாக்டர் தூக்கிப் போன ஜாடி

பம்பாய் மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்த டாக்டரை, 'சரியான சாப்பாட்டு ராமன்' என்று பில்டிங் முழுக்க நான் சொல்லித் திரிந்தேன். யுத்தம் நடந்த காலம். எனக்கு எட்டு வயது.

ஒரு நாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பிக் கோட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அப்பா, தலை பிளக்கிறது என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். உயிர் தப்பியதே தெய்வாதீனம். ஆனால் வலது கை துவண்டு, வாய் கோணி, பேச்சு குழறிப்போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பிய அன்றே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரத்தக் கொதிப்பு இறங்கியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் வெடிக்கும், அப்புறம் தன்னைக் கூப்பிட்டுப் பயனில்லை. ஓய்வு வேண்டும், கோபம் ஆகாது, உப்பு அறவே ஆகாது. டாக்டர் மராத்திக்காரர். உப்பு விஷயம் அம்மாவுக்கு நன்றாகப் புரியட்டும் என்று இந்தியில், "நமக் பந்த்! பில்குல் பந்த்!" என்று இரண்டு தரம் கையை ஆட்டினார்.

அன்றோடு எங்கள் சமையலில் உப்பு நின்றது. அப்பாவுக்கு மட்டும் உப்பை நிறுத்தினால் அவர் மனசு நோகும் என்று எல்லோருக்கும் உப்பில்லாச் சாப்பாடு. பருப்பும் தேங்காயும் சேர்த்த மொளகூட்டலை உப்பில்லாமல் சாப்பிட்டவர்களுக்குத்தான் என் கஷ்டம் தெரியும். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று முனகி ஒரு குட்டு வாங்கினேன்.

வாரம் ஒரு தரம் டாக்டர் வந்து, அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்ப்பார். பாதரசம் இறங்குவேனா என்றது. "நமக்?" என்று அம்மாவைப் பார்ப்பார். "சத்தியமாப் போடறதில்லை டாக்டர்," என்று அம்மா கண் கலங்குவாள்.  மறுபடியும் வெடித்தால் அப்பா செத்துப்போவார் என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

அப்பாவுக்கு மூன்று வேளையும் கஞ்சி. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். பாலக்காட்டிலிருந்து அத்தை ஒரு ஜாடி நிறைய அனுப்பியிருந்தாள். எங்கள் வீடுகளில் யார் படுக்கையில் விழுந்தாலும் கஞ்சியும் நார்த்தங்காயும்தானே பத்தியம்! நான் கை நீட்டினால், "அது அப்பாக்கு மருந்துடி, தொடப்படாது," என்று அம்மா அதட்டுவாள். அப்பா மட்டும் அவள் பார்க்காதபோது இடது கையால் ஒரு நுனியைப் பிய்த்து எனக்குத் தருவார். கோணல் வாயில் அப்போது ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே நான் கட்டிலடியில் காத்துக் கிடப்பேன்.

அடுத்த தடவையும் பாதரசம் இறங்கவில்லை. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை எப்படியாவது குஷிப்படுத்தினால் அப்பாவைக் காப்பாற்றிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. ஓடிப்போய் ஒரு துண்டு நார்த்தங்காயைக் கொண்டுவந்து நீட்டினேன். வாயில் போட்டவர் முகம் அஷ்டகோணலாயிற்று.

"யே க்யா ஹை?"

"நார்த்தங்காய் டாக்டர். மூணு வேளையும் தவறாமக் குடுக்கறேன்," என்றாள் அம்மா, பெருமையாக.

எப்படிச் செய்வது என்று அவர் கேட்க, உப்பில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பதை அம்மா சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். டாக்டர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜாடியைக் கேட்டு வாங்கி, இடுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். ஒரு துண்டு கொடுத்ததற்கு ஜாடியையே தூக்கிக்கொண்டு போகிறாரே மனுஷர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

அப்புறம் பாதரசம் மெதுவாக இறங்கியது. பல வருஷம் கழித்து அப்பா தடியூன்றி வந்து என் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அன்று ஜாடியோடு டாக்டர் போன பிறகு அம்மா அடுப்படியில் சரிந்து உட்கார்ந்து, "என் கையாலேயே... என் கையாலேயே..." என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜாடி போன துக்கம் என்று நினைத்தேன்.

"அழாதேம்மா. அத்தைக்கு லெட்டர் போட்டா வேற ஜாடி அனுப்புவா," என்றேன்.

அம்மா என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குட்டுதான் விழும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.