ஆறு கொண்டுபோனவனுக்கு வந்த அழைப்பு

எங்கள் பெலேம் நகரத்தில் பிற்பகல் மழை பிடிப்பதற்குச் சற்று முன்பு ஜுசாரா என் வீட்டுக்கு வந்தாள். ஒரு கட்டுக் காகிதத்தைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்திருந்தாள். மேசையில் வைத்த பிறகுதான் அது அவளுடைய பயோடேட்டா என்று தெரிந்தது.

“இதென்னடி, சீரியோ மாதா ஊர்வலத்துல இழுக்கிற கயிறா? முடிவே தெரியல?”

“எல்லாம் இருக்கணும்ல டால்வா அக்கா. ஒரு கருத்தரங்கை விட்டாலும் மதிப்பெண் போயிடும்.”

எங்கள் நாட்டில் அறிவியல் படித்த எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. அரசாங்க இணையதளத்தில் ஆளுக்கொரு பக்கம் இருக்கும். எழுதிய கட்டுரை, போன கூட்டம், கைதட்டி வாங்கிய சான்றிதழ் வரைக்கும் அதில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியாக எப்போது ஏற்றினார்கள் என்ற தேதியும் பக்கத்தின் தலையில் நிற்கும். தேதி பழசானால் ஆள் செத்துவிட்டான் என்று பல்கலைக்கழகத்தில் கேலி பேசுவார்கள். அந்தப் பக்கத்தை அப்படியே அச்சடித்துக் கம்பெனிக்குத் தூக்கிப் போகிற மூளை இந்த முனைவர்களுக்கு மட்டும்தான் வரும். நான் குளிர்பானத் தொழிற்சாலையில் ஆளெடுக்கும் வேலை பார்த்தே தலை நரைத்தவள். இரண்டாவது தாளைத் திருப்பிய மேலாளரை இன்றுவரை பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து ஊரார் பயோடேட்டாவை அடித்துத் திருத்திக் கொடுக்கிறேன்.

ஜுசாரா துறைமுகச் சந்தையில் அசாயிப் பழம் அரைத்து விற்கும் வீட்டுப் பெண். படிப்பில் கெட்டிக்காரி. தங்கச் சுரங்கக்காரர்கள் தபஜோஸ் ஆற்றில் விடும் பாதரசம் மீன் வழியாக மனித உடம்புக்குள் எப்படிப் போகிறது என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினாள். உதவித்தொகை இருந்தவரை ஆற்றிலேயே கிடந்தாள். அது நின்றுபோனது. பல்கலைக்கழகத்தில் காலியிடமே இல்லை. தண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு கம்பெனி ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டுத்தான் என்னிடம் வந்திருந்தாள். இதுவும் போனால் அசாயி இயந்திரத்தின் முன்னால் அம்மாவுக்குப் பதில் இவள் நிற்க வேண்டியதுதான்.

“சரி, சொல்லு. ஆத்துல நீ என்ன பண்ணின?”

“நேலியோ வலை போடுவான்...”

“உன்னைக் கேட்டேன்.”

“படகுக்கு ஆள், டீசல், சுரங்கப் பக்கம் போறதுக்கு அனுமதி... எல்லாம் நாங்கதான் பார்த்தோம். நேலியோதான் பேசுவான்.”

“மாதிரியை ஆய்வகத்துல யார் சோதிச்சா?”

“நான்தான். ஆனா கட்டுரையில நேலியோ பேருதான் முதல்ல வரும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளைத் திருப்பத் திருப்ப அந்த நேலியோதான். இவள் பெயர் எப்போதும் இரண்டாவது. நோகாமல் நோன்பு கும்பிடுகிற ஆண்களை நான் நிறையப் பார்த்தவள்.

“அந்தத் துரை எங்க இப்போ? போன் போடு. உனக்கு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லட்டும். அதுவாவது உதவும்.”

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து பார்த்தால் அவள் போனை எடுக்கவே இல்லை.

“அவனை ஆறு கொண்டுபோயிடுச்சு அக்கா.”

இருவரும் ஒரே ஆய்வகத்தில் படித்தவர்கள். அது நடந்த அன்று அவளுக்கு மலேரியாக் காய்ச்சல். முகாமில் படுத்திருந்தாள். அவள் போட்ட வலையை எடுக்க அவன் போனான். அருவிக்குக் கீழே தோணி கவிழ்ந்து கிடந்தது. வலை கிடைத்தது, அதில் மீன்கூட இருந்தது. அவன் கிடைக்கவே இல்லை.

“அது நடந்து எத்தனை வருஷமாச்சு?”

“ஆறு.”

நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். சென்ற வருடம் வந்த கட்டுரை. முதல் பெயர் நேலியோ குவாரெஸ்மா.

“செத்தவன் எப்படிடி கட்டுரை எழுதினான்?”

அப்போதுதான் உடைந்தாள். அவன் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். இறந்த சில மாதத்தில் அவன் கடைசியாகச் சேகரித்த மீன்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. அதை அவன் பக்கத்தில் ஏற்றாமல் விட மனம் வரவில்லை. ஏற்றினாள். தேதி மாறியது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாளாம். அதிலிருந்து விடவே முடியவில்லை. தான் செய்த வேலையை எல்லாம் அவன் பெயருக்கு முதலில் எழுதி, மீதியைத்தான் தனக்கு எழுதினாள்.

“தேதி பழசாக ஆரம்பிச்சா, அவன் தண்ணிக்குள்ள இருந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும் அக்கா. ஏத்தினதும் போயிடுவான்.”

நான் ஆளெடுக்கிற வேலையில் எத்தனையோ பொய்யைப் பார்த்திருக்கிறேன். படிக்காத படிப்பு, பார்க்காத வேலை. தன் வேலையைப் பிணத்துக்குக் கொடுத்த பொய்யை அன்றுதான் பார்த்தேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

“அவன் உசிரோட இருந்தா உன் சோத்துல மண்ணை அள்ளிப் போடச் சொல்லுவானா? சொல்லுடி!”

“மாட்டான்.”

“அப்போ எழுது.”

அந்தக் காகிதக் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரே ஒரு தாளை எடுத்தோம். கருத்தரங்குகள் போயின. கட்டுரைகள் ஒரே வரியில் அடங்கின. ஆற்று நீரிலும் மீனிலும் பாதரசம் அளந்தவள், படகு ஆட்களை வைத்து வேலை வாங்கியவள், புதிதாக வந்த மாணவர்களுக்கு ஆய்வகக் கருவிகளைப் பழக்கியவள், சுரங்க முதலாளிகளிடம் அனுமதி வாங்கிக் காட்டியவள் என்று கம்பெனிக்காரனுக்குப் புரிகிற பேச்சில் எழுதினோம். அந்தத் தாளில் நேலியோவின் பெயர் எங்குமே இல்லை. முடித்ததும் அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். நானும்தான் பார்த்தேன், பொய் சொல்வானேன். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். கூடவே போனேன். தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பி விடுவாள் என்று தெரியும்.

வரவேற்பறையில் வயதான அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காலடியில் படகுப் பயணத்து மூட்டை. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் தேய்த்து மாட்டிய வெள்ளைச் சட்டை. இஸ்திரி மடிப்பு கலையாமல் அதைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். ஜுசாரா அவளைப் பார்த்ததும் என் கையை இறுகப் பற்றினாள்.

“டோனா ஓஸ்மரினா,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “நேலியோ அம்மா.”

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. “ஜுசாரா! நீயும் வந்திருக்கியா மகளே? சந்தரேம்ல இருந்து ரெண்டு ராத்திரி படகுல வந்தேன், இடுப்பே போச்சு. இந்தக் கம்பெனிக்காரங்க வீட்டுக்குப் போன் பண்ணினாங்க. இணையத்துல அவன் பக்கத்தைப் பார்த்தாங்களாம், அவன்தான் வேணுமாம். ஒம்மகனை அனுப்புங்கன்னாங்க. அவன் இங்க நேரா வந்துருவான்னு சொல்லிட்டேன். எங்க இருந்தாலும் இந்த வேலைக்கு வராம இருப்பானா?”

நான் ஜுசாராவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

“ஊரே அவன் செத்துட்டான்னுது,” அந்த அம்மா சட்டையைத் தடவிக்கொண்டே பேசினாள். “நான் ஒரு பூசைகூட வைக்க விடலையே! எதிர்வீட்டுப் பொண்ணு போன்ல அவன் பக்கத்தைக் காட்டுவா. மாசாமாசம் தேதி மாறுது. செத்தவன் எழுதுவானா? எம்மேல ஏதோ கோவம், அதான் வீட்டுக்கு வரலை. நானும் கறுப்புத் துணி உடுத்தலை, சோறு போட்டு மூடி வைக்கறதையும் நிறுத்தலை.”

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து தாளைப் பார்த்துப் படித்தாள். “நேலியோ குவாரெஸ்மா?”

அம்மா எழுந்து நின்றாள். சட்டையை உயர்த்திப் பிடித்து வாசலைப் பார்த்தாள். “வந்துட்டே இருக்கான். ஒரு நிமிஷம் பொறுங்கம்மா.”

ஜுசாரா அவள் முன்னால் தரையில் மண்டியிட்டாள்.

“அம்மா, நான்தான்மா எழுதினேன். அவன் இல்லை. எல்லா மாசமும் நான்தான். அவனை விட முடியலை... நீங்க பார்த்துட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதும்மா.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன். அந்த அம்மா அவள் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“அப்போ அடுத்த மாசம்? தேதி மாறுமா?”

சொல்லடி, மாறும் என்று சொல்லடி என்று எனக்கே தோன்றியது. சொன்னால் அந்த அம்மா இன்னும் பத்து வருடம் சோறு மூடி வைப்பாள். ஜுசாரா அவன் பெயருக்குக் கீழேயே கிடந்து செத்துப்போவாள்.

“மாறாதும்மா,” என்றாள் ஜுசாரா.

டோனா ஓஸ்மரினா உட்கார்ந்தாள். சட்டை அவள் மடியில் கசங்கியது. “இன்னைக்குத்தாண்டி எம்புள்ள செத்தான்,” என்று சொல்லி வாய்விட்டு அழுதாள். ஆறு வருடத்துக் கறுப்புத் துணியையும் அன்றே உடுத்தியது போல அழுதாள். கம்பெனிப் பெண் தாளும் கையுமாக விழித்தாள். “பார்த்துட்டே நிக்காதே, போய்த் தண்ணி கொண்டா,” என்று அவளை விரட்டினேன்.

அடுத்து ஜுசாராவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை. கடைசியில் அந்த அம்மாதான் அவள் தோளைத் தள்ளினாள். “போ, உன்னைத்தான் கூப்பிடறாங்க. இதுலயாவது உன் பேரைச் சொல்லு.”

ஜுசாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வேலை கிடைத்தது. முதல் விடுமுறையில் படகேறி சந்தரேமுக்குப் போய், நேலியோவுக்கு வைத்த பூசையில் அவன் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். இப்போதும் சில நாள் நான் அவன் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். தேதி அப்படியே இருக்கிறது.