கேட்டுச் சொல்கிற சுருளிவேல்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சனாவுல்லா பாயின் ஸ்பீக்கர் கடையில் பில் போடுகிற ஜெஸ்ஸிக்கு ஸ்டூல்தான். நாற்காலி சுருளிவேலுக்கு. யார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாலும், எழுந்திருக்காமலே ரெண்டு ஜோடி ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் பாடவிட்டு, இதுதான் நல்லது என்று சொல்வார். அவர் சொன்னதை வாங்கிக்கொண்டு போவார்கள். இருபத்து மூன்று வருடமாக அதுதான் அவர் வேலை.

சேவுகம்பட்டியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மைக்செட்காரர் ஒருவரோடு சேர்ந்து, திருவிழாவுக்குத் திருவிழா மரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி, அதற்கு அடியிலேயே படுத்துத் தூங்கி வளர்ந்தவர். "இந்தக் காது கேக்காத சத்தமா" என்பதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கிற பேச்சு. ரெண்டு மாதத்துக்கு முன்னால் மகள் தமிழ்மதிக்குப் பெண் குழந்தை பிறந்ததிலிருந்து இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. ஸ்பீக்கர் கேட்டு வந்தவர்களுக்கு முதலில் பேத்தி போட்டோ. கொட்டாவி விடுகிற போட்டோ, கட்டை விரலை வாயில் வைத்த போட்டோ, எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பாட்டு.

அவருடைய வித்தை சின்னதுதான். விலை கூடின ஜோடிக்கு மாற்றும்போது, நாற்காலி பக்கத்திலிருக்கிற ஆம்ப்ளிஃபயரில் சத்தக் குமிழை ஒரு மயிரிழை ஏற்றிவிடுவார். கேட்கிறவனுக்குச் சத்தம் ஏறியது தெரியாது. ஏதோ பாட்டுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். அப்படியும் மசியாதவனுக்கு நாக்கு இருந்தது.

போன மாதம் வடமதுரைப் பக்கத்திலிருந்து முருங்கைத் தோப்புக்காரர் பொன்னுத்துரை வந்தார். டிவி ஷோகேஸில் வைக்க ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் வேண்டும் என்றார். சுருளிவேல் ஆறரையாயிரம் ரூபாய் ஜோடியையும் பதிமூன்றாயிரம் ரூபாய் ஜோடியையும் பாடவிட்டார்.

"சின்னதுலயே பாடுறவுக குரல் நல்லாத்தான இருக்கு" என்றார் பொன்னுத்துரை.

"கோவிச்சுக்கிறாதீகண்ணே. முருங்கக்காக் கட்டு தூக்குற காதுக்கு அது போதும்தேன். காது உள்ளவன் வாங்குறது இந்தா, இது."

கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். பொன்னுத்துரை காது மடல் சிவக்க, பெரியதை வாங்கிக்கொண்டு போனார்.

"பாத்தியா பாப்பா" என்றார் சுருளிவேல் ஜெஸ்ஸியிடம். "வெக்கத்தக் கெளப்பிவிட்டா பர்சு தானா தெறக்கும்."

சனாவுல்லா பாய் மூட்டு வலி வந்து வீட்டோடு ஆகிவிட்டார். இப்போது கல்லாவில் அவர் மகன் நாசர். நாசருக்குச் சுருளிவேலைக் கண்டால் ஆகாது. வியாபாரத்தைச் சிரித்துக்கொண்டே செய்கிறவன், ஆனால் எதையும் மறக்கிறவன் இல்லை. சின்ன வயதில் கடைக்கு வந்தால், "தம்பிக்குத் தகரத்துக்கும் தவிலுக்கும் வித்தியாசம் தெரியாது" என்று எல்லார் முன்னாலும் சுருளிவேல் சொல்வாராம்.

"குடோனுக்கு ஆள் இல்லண்ணே. நீங்க மாடிக்குப் போயிருங்க. இனிமே வாரவுக தாங்களே கேட்டு வாங்கட்டும்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

குடோன் ரெண்டாவது மாடி. பெட்டி தூக்க வேண்டும், சம்பளம் பாதி. சுருளிவேலுக்கு வயது அறுபத்தொன்று.

"உங்க அத்தா உக்கார வச்ச நாற்காலி தம்பி" என்றார்.

நாசர் சரியென்று சிரித்துக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை பொன்னுத்துரை அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தார்.

"வீட்ல வச்சா கொடத்துக்குள்ள பேசுறாப்ல இருக்கு. எம் மச்சினன் அந்த ஆறரையாயிரத்த வாங்கி வச்சுருக்கான். கணீர்னு கேக்குது. என்னய்யா ஏவாரம் இது?"

காரணம் சுருளிவேலுக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் காற்று வருகிற ஓட்டை. கடையில் அதைச் சுவரிலிருந்து ரெண்டடி தள்ளி ஸ்டாண்டில் வைத்துப் பாடவிடுவார். ஷோகேஸுக்குள் சுவரோடு ஒட்டி வைத்தால் குமுறத்தான் செய்யும். இதை அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

"ஸ்பீக்கர்ல கொறை இல்லண்ணே. கேக்குற காதுலதேன்."

நாசர் கல்லாவை விட்டு எழுந்தான். "அப்பக் காதையே பாத்துருவம்."

ரெண்டு ஜோடிக்கும் முன்னால் ஒரு போர்வையைக் கட்டினான். செல்போனை வைத்து அளந்து, ரெண்டிலும் ஒரே அளவு சத்தம் வருகிறமாதிரி குமிழைத் திருகி வைத்தான். ஜெஸ்ஸி தன் செல்போனைத் தாங்கியில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டாள்.

"அஞ்சு வாட்டி போடுவேன்ணே. எது பதிமூணாயிரம்னு சொல்லுங்க. மூணு சரியாச் சொன்னாப் போதும், நாற்காலி ஒங்களுக்கு. இல்லாட்டி திங்கக்கெழம மாடி."

"இம்புட்டுத்தான" என்றார் சுருளிவேல்.

முதல் தடவை பாட்டு வந்தது. ரெண்டாம் தடவையும் வந்தது. அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. எது ஏறுகிறதோ அதுதான் நல்லது என்று இருபத்து மூன்று வருடம் பழகிய காது, ஒன்றும் ஏறாததால் சும்மா இருந்தது. வலது கை விரல்கள் தொடை மேல் இல்லாத குமிழைத் திருகிக்கொண்டிருந்தன.

"இதுதேன் பெருசு" என்றார் நாலாவது தடவை. "நெஞ்சுல வந்து மோதுது பாருங்க."

நாசர் போர்வையைத் தூக்கிக் காட்டினான். பாடிக்கொண்டிருந்தது சின்னது. ஐந்தில் அவர் சரியாகச் சொன்னது ஒன்று.

"நீங்க சொல்லுங்கய்யா" என்றான் பொன்னுத்துரையிடம்.

பொன்னுத்துரை கண்ணை மூடிக் கேட்டார். "மேளம் ஒண்ணுல செத்தக் கனமா இருக்கு. குரலு மத்ததுல தெளிவா இருக்கு. இந்தச் செத்த வித்தியாசத்துக்கு எரட்டக் காசு எதுக்குய்யா?"

சுருளிவேல் போர்வையைக் கை நீட்டிக் காட்டினார். "போர்வ சத்தத்தத் திங்குது தம்பி. அதான். எங் காதுல ஒண்ணுமில்ல."

"அப்படியா. சரி, போர்வைய எடுத்துர்றேன். இப்ப விசில் ஒண்ணு போடுறேன். மெலிஞ்சுக்கிட்டே மேல போகும். கேக்குற வரைக்கும் எல்லாரும் கையத் தூக்கி வைங்க. கேக்கலைன்னா எறக்கிருங்க. இதுல செயிச்சாலும் நாற்காலி ஒங்களுக்குத்தேன்."

மூன்று பேர் கையைத் தூக்கினார்கள், சுருளிவேல், ஜெஸ்ஸி, பொன்னுத்துரை. விசில் கிளம்பியது. மெலிந்தது, நூலானது, சுருளிவேலுக்கு அறுந்துவிட்டது. கையை இறக்கப் போனவர் ஓரக்கண்ணால் பார்த்தார். ஜெஸ்ஸியின் கை மேலே இருந்தது. அவரைவிட வயதில் மூத்த பொன்னுத்துரையின் கையும் மேலே இருந்தது. சுருளிவேல் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

அரை நிமிடம் போனது. பொன்னுத்துரை தலையை லேசாக ஆட்டினார், ரசிக்கிறவர் மாதிரி. சுருளிவேலும் ஆட்டினார். தோள்பட்டை கடுத்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

"கேக்குதாண்ணே?" என்றான் நாசர்.

"கேக்குது தம்பி."

"எப்படி இருக்கு?"

"மெல்லிசா. ஊசி மாதிரி. சின்னது பாடுற வரைக்கும் பாடிட்டு விட்டுருச்சு. இப்பப் பாடுறது பெருசுதேன்."

ஜெஸ்ஸிதான் முதலில் வெடித்தாள். ஸ்டூலில் உட்கார முடியாமல் தரையில் சரிந்து சிரித்தாள். பொன்னுத்துரை தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நாசர் விசில் போட்ட தன் செல்போனைத் திருப்பிக் காட்டினான். விசிலை நிறுத்தி ஒரு நிமிடம் ஆகியிருந்தது. மற்ற ரெண்டு பேருக்கும் அவன் கண் காட்டியிருக்கிறான், இறக்காதீர்கள் என்று.

சுருளிவேலுக்குக் கையை இறக்க வேண்டும் என்பதே செத்த நேரம் தோன்றவில்லை.

"முருங்கக்காக் கட்டு தூக்குற காது தேவல போலருக்கேப்பு" என்றார் பொன்னுத்துரை. பெரிய ஜோடியைக் கொடுத்துச் சின்னதை வாங்கி, மிச்சப் பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். போகிறபோது அந்த வீடியோவைத் தன் நம்பருக்கு அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை சுருளிவேல் மாடிக்குப் போனார். ஒரு நாளைக்கு முப்பது பெட்டி, நாற்பது பெட்டி. வீட்டில் மகளிடம் கடையில் கணக்கெடுப்பு நடக்கிறது என்று சொன்னார். "வீடியோவப் பாத்தேன்ப்பா" என்றாள் தமிழ்மதி, குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே. அவள் மாமியார் வீட்டுக்காரர்களும் பார்த்திருந்தார்கள். அதை அவள் சொல்லவில்லை. பேத்தியைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா, காப்பி குடிக்கிறீர்களா என்பதைக்கூட அவரிடம் கத்திக் கேட்டதில் சுருளிவேலே அதைத் தெரிந்துகொண்டார்.

வியாழக்கிழமை நாசர் கீழிருந்து கூப்பிட்டான். "வாங்கண்ணே, வந்து ஒங்க நாற்காலில உக்காருங்க."

சுருளிவேல் படியில் ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி இறங்கினார். பாய் சொல்லியிருப்பார் என்று நினைத்தார். என்ன இருந்தாலும் இருபத்து மூன்று வருடம். முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஆம்பை நோக்கிக் கையை நீட்டினார். ஆம்ப் அங்கே இல்லை. அதை நாசர் கல்லாப் பக்கம் மாற்றியிருந்தான்.

கடை நிறைய ஆள். கொடைரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. புருசன் செல்போனையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவருதான்டி அவரு."

"சம்பளம் பழையபடியே தாரேன்ணே. ஸ்பீக்கர நான் வித்துக்கிறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றான் நாசர், குனிந்து அவர் காதுக்குள். பிறகு நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, "விசில் போடுறேன், கையத் தூக்குங்கண்ணே" என்றான்.

சுருளிவேல் ஜெஸ்ஸியைப் பார்த்தார். அவள் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியைப் பார்த்தார். கையைத் தூக்கினார். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று கொஞ்ச நேரத்தில் இறக்கினார்.

கொடைரோட்டுக்காரனின் சின்ன மகள் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். விசில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கடையே சிரித்தது. ஆறரையாயிரம் ஜோடி அன்றைக்கு ஒன்பது போனது. சாயங்காலம் நாசர் நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டான்.