சித்தியைப் பெண் பார்க்க வந்த அணு உலைக்காரர்

எண்பதுகளின் நடுவில், ஏம்பலத்தில் வெல்லம் காய்ச்சும் பருவத்தில், என் சித்தியைப் பெண் பார்க்க அணு உலையில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். அதற்கு முன் வந்தவர்கள் சித்தியின் நிறத்தையோ வயதையோ சொல்லி நழுவியிருந்தார்கள். பஜ்ஜி சுடக்கூட அம்மாவுக்கு ஆர்வம் விட்டுப்போயிருந்தது. தாத்தா இல்லாததால் மைத்துனியின் கல்யாணம் அப்பாவின் பொறுப்பு. காலையிலிருந்து கரும்புச்சாறு காய்ச்சும் கொப்பரை அடுப்பின் புகையில் நின்று சிவந்த கண்களோடு அவர் வந்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை, கடலோரத்தில் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த அணு மின் நிலையத்தில் ஆபரேட்டர். வழக்கமான விசாரிப்புகள் தீர்ந்ததும் அப்பா கேட்டார்.

“அங்க இன்னாத்த எரிக்கிறாங்க?”

“எரிக்கறதில்லண்ணே, ஒடைக்கறது. யுரேனியம்னு ஒரு உலோகம். அதோட அணுவுல நியூட்ரான் பட்டா ரெண்டாப் பொளக்கும். சூடு வரும். கூடவே ரெண்டு மூணு நியூட்ரான் தெறிச்சி பக்கத்து அணுவப் பொளக்கும். அதான் தொடர்வினை.”

“வூட்ல ஃபியூஸ் போனா பக்கத்து வூட்டுக்காரனக் கூப்புடுவான்,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. இரண்டு பஸ் மாறி வந்த அலுப்பு அவர் குரலில் இருந்தது.

அப்பா நிமிர்ந்தார். தீயைப் பற்றிய பேச்சு என்றால் அவருக்குப் பிடிக்கும். “சூடு ஏறிப்போச்சின்னா?”

“நீங்க அடுப்புலேர்ந்து எரியற கரும்புச் சக்கைய வெளிய இழுப்பீங்க. நாங்க நியூட்ரான முழுங்கற தண்ட உள்ள எறக்குவோம்.”

வேகமாகப் பாயும் நியூட்ரான் அவ்வளவு சுலபமாக அணுவைப் பிளக்காது, அதன் வேகத்தைத் தணிக்கக் கன நீர் வேண்டும், பார்க்கத் தண்ணீர்தான், எடை மட்டும் கூடுதல் என்றார். சூடு தண்ணீரை ஆவியாக்கும், ஆவி சக்கரத்தைச் சுற்றும், கரண்டு வரும். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். சம்பந்தம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“பயம் ஒண்ணுமில்லியே?”

மாப்பிள்ளை பெருமையோடு சொன்னார்: “சட்டையில மாட்டிக்க பேட்ஜ் குடுத்திருக்காங்கண்ணே. கதிர்வீச்சு எவ்ளோ பட்டுச்சின்னு மாசாமாசம் பாத்துச் சொல்லிடுவாங்க.”

“அப்போ படுது.”

“அளவுக்குள்ளதாண்ணே.”

அதன்பிறகு பேச்சு மழைக்குப் போனது. அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா, “கொழந்த குட்டி பொறக்க வாணாமா?” என்றார். அம்மா டம்ளர்களை எடுத்தார். சித்தியை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பாத்திரம் துலக்கும்போது சித்தி என்னைக் கூப்பிட்டாள். அடுப்படியில் இருந்ததால் பாதிதான் காதில் விழுந்ததாம்.

“கன நீரப் பத்தி இன்னாடி சொன்னாரு?”

சொன்னேன். தண்டைப் பற்றிச் சொல்லும்போது சிரித்தாரா என்று கேட்டாள். சிரிக்கவில்லை என்றேன். அடுத்த நாளும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். வெல்லப் பருவம் முடியும்வரை இது நடந்தது. போகப்போக நான் ஒரு வார்த்தையை விட்டால் அவளே எடுத்துக்கொடுத்தாள். எல்லாம் தெரிந்தவளுக்கு நான் ஏன் மறுபடியும் சொல்ல வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.