சாமை அறுக்கும்வரை சோப்பு கிடையாது

ஆலங்காயத்து பங்களா நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் நான், வரும் வருடம் ஜவ்வாது மலைக்கும் போவதாகத் திட்டம்.

இன்று பஸ்ஸில் புதுக் காலண்டரை விரித்து, ஐப்பசியில் 'மலை நாய்கள்' என்று எழுதினேன்.

"இன்னா எழுதுறீங்க?" என்றார் பக்கத்தில் இருந்த மலைக்கார அம்மா.

சொன்னேன்.

"ஐயோ, அப்ப சாமை விளையற நேரங்க! நாய் நாத்தம் அடிச்சாத்தான் காட்டுப்பன்னி கிட்ட வராது. சோப்பு வாசனைக்கா பயப்படும்?"

ஐப்பசியை அடித்துவிட்டேன்.

அவருக்கே பாவமாகிவிட்டது. "அறுப்பு முடிஞ்சு தையில வாங்க. காவல் பரண்ல நாயோடவே படுத்துக் கெடக்கிற எங்க வூட்டுக்காரரையும் சேர்த்துக் குளிப்பாட்டிடுங்க."

தையில் 'நாய் ஒன்று, வீட்டுக்காரர் ஒருவர்' என்று எழுதிக்கொண்டேன்.

நண்பர்களே, அவருக்கு எந்த சோப்பு போடலாம்? உடனே கார்டு போடுங்கள்.