இறால் கூடைக்கு முன் ஓர் உரை

நெட்டுக்குப்பத்தில் இறால் விற்கும் அக்காவின் முன் நானும் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரும் நிற்கிறோம். தன் நாட்டு அதிபரின் அப்பா நடத்திய போர் தோல்விதான் என்று பாடம் எடுத்ததற்காக இவரை நாட்டைவிட்டே துரத்திவிட்டார்கள். இங்கே ஒரு கல்லூரி பேச அழைத்துவிட்டு, இன்று காலை பயந்துபோய்க் கூட்டத்தை ரத்து செய்துவிட்டது. கோழைகள்.

"இவரு இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறாரு?" என்கிறார் அக்கா. விவரம் சொல்கிறேன்.

"அப்பன் தோத்தான்னு சொன்னதுக்கா தொரத்துனாங்கோ? எம் மாமனாரு எதுக்கும் லாயக்கில்லன்னு வூட்டுக்காரன்கிட்ட டெய்லி சொல்றேன். வூட்ட வுட்டு ஓடறது அவன்தான், நானில்ல!"

மொழிபெயர்க்கிறேன். பேராசிரியர் வெடித்துச் சிரிக்கிறார். பிறகு, சட்டைப்பையிலிருந்து பேச வாய்ப்புக் கிடைக்காத உரையை எடுக்கிறார்.

அக்கா காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போடுகிறார். "குந்திகினு படி நைனா. நடுவுல கிராக்கி வந்தா மட்டும் வாய மூடிக்கோ."